பாவாடை நாடாத் தடம்

அன்புள்ள கோமதி,

உன் கடிதமும் கல்யாண ஆல்பமும் ஒரே பார்சலில் வந்து சேர்ந்தன. ஆல்பத்தைத்தான் முதலில் பிரித்தேன். மாப்பிள்ளை லட்சணமாக இருக்கிறார். உன் மகளுக்கு உன் அம்மாவின் நெற்றி அப்படியே வந்திருக்கிறது. மொத்தம் இருநூற்றுச் சொச்சம் படம், அதில் உன்னைத் தேடித் தேடிக் கண் வலித்தது. தாலி கட்டும்போது சம்பந்தியம்மாவின் தோளுக்குப் பின்னால் ஒரு கண். ஊஞ்சலில் ஆரத்தித் தட்டுக்குப் பின்னால் பாதி முகம். குடும்பப் படத்தில் மூன்றாவது வரிசை. பெண்ணைப் பெற்றவளுக்கு மூன்றாவது வரிசையில் என்னடி வேலை?

கடிதத்தைப் படித்த பிறகுதான் புரிந்தது. "போட்டோவுல என்னைப் பார்த்தா யாரோ ஒரு தடிச்ச பொம்பளை நிக்கிற மாதிரி இருக்கு, அதான் ஒதுங்கிட்டேன்" என்று எழுதியிருக்கிறாய். கர்ப்பப்பையை எடுத்ததிலிருந்து உடம்பு ஊதிவிட்டது, பீரோக் கண்ணாடியில் துண்டைப் போட்டு வைத்திருக்கிறேன் என்றும் எழுதியிருக்கிறாய். அந்தத் துண்டுதான் இரண்டு நாளாக என் மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

சரி, உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். போன மார்ச்சில் நான் ஒட்டுத்துணி இல்லாமல் ஒரு பாறைமேல் படுத்துப் படம் எடுத்துக்கொண்டேன். பயப்படாதே, புத்தி பிசகவில்லை. உட்கார்ந்து நிதானமாகப் படி.

வேலையை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. சும்மா இருந்தால் சீரியல் பார்த்தே பைத்தியம் பிடித்துவிடும் என்று பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் கறுப்பு வெள்ளைப் போட்டோ வகுப்பில் சேர்ந்தேன். பிலிம் ரோல், இருட்டறை, சிவப்பு பல்பு எல்லாம் நம் காலத்துச் சமாச்சாரம். கூடப் படிப்பவர்களில் பாதிப் பேர் என் பையன் வயசு. ஒரே ஒருவர்தான் என்னைவிட மூத்தவர், அறுபத்தெட்டு வயசு, ஓய்வுபெற்ற நர்ஸ். மனசுக்குள் அவரை நர்ஸம்மா என்றுதான் சொல்லிக்கொள்வேன்.

ஒருநாள் வகுப்பில் லாரா அகிலாரின் படங்களைப் போட்டுக் காட்டினார்கள். இந்தப் பக்கத்துக்காரர்தான், லாஸ் ஏஞ்சலஸுக்குக் கிழக்கே சான் கேப்ரியலில் 1959இல் பிறந்த மெக்சிகோ வம்சாவளிப் பெண். நல்ல கனத்த உடம்பு. நீயும் நானும் சேர்ந்து நின்றாலும் ஈடாகமாட்டோம். காதில் விழுகிற பேச்சை மூளை சரியாகப் பிரித்துக்கொள்ளாத ஒரு குறையும் அவருக்கு இருந்தது. அதனால் பேச்சு, எழுத்து இரண்டுமே அவருக்குப் பெரும்பாடு. சொல்ல வேண்டியதைக் கேமராவிடம் ஒப்படைத்துவிட்டார். 1996இல் நியூ மெக்சிகோவுக்குப் போய், பாறைக்கும் பட்ட மரத்துக்கும் நடுவில் தன்னையே துணியில்லாமல் எடுத்திருக்கிறார். ஒரு படத்தில் தேங்கிய தண்ணீருக்கு ஓரமாக ஒருக்களித்துப் படுத்திருக்கிறார், அந்தக் கனம் முழுக்கத் தண்ணீரிலும் கிடக்கிறது. பத்து வருஷம் கழித்து ஜோஷுவா ட்ரீ பாலைவனத்தில் கலரில் ஒரு வரிசை. அதில் ஒரு படத்தில் பெரிய பாறை முன்னால் நமக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறார். பாறை எது, முதுகு எது என்று ஒரு நொடி கண் தடுமாறும்.

முதல் படம் வந்ததும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? 'ஐயோ, இந்த வயிற்றை எல்லாம் மறைக்கவேண்டாமா' என்றுதான். உள்ளே உட்கார்ந்திருக்கும் அத்தை புத்தி எங்கே போகும்? நாலு, ஐந்து படம் தாண்டியதும் மடிப்பு மடிப்பாகத் தெரியவில்லை. வல்லநாட்டு மலையில் பாறை ஒன்றின்மேல் ஒன்று சரிந்து கிடக்குமே, அப்படித் தெரிந்தது. அதைப் பார்த்து நாம் என்றைக்காவது, கொஞ்சம் இளைத்தால் நன்றாக இருக்கும் என்று சொல்லியிருக்கிறோமா?

2017இல் அவர் படித்த கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் காலேஜ் மியூசியத்திலேயே இத்தனை வருஷப் படங்களையும் சேர்த்துக் கண்காட்சி வைத்தார்களாம். அடுத்த ஏப்ரலில் போய்விட்டார், வயசு ஐம்பத்தெட்டுதான். அந்த வருஷம் முழுக்க நான் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். ஒரு தடவைகூட உள்ளே எட்டிப் பார்க்கவில்லை.

நர்ஸம்மா அன்றைக்கு வகுப்பு முடிந்ததும் லைப்ரரியிலிருந்து ஒரு புத்தகம் எடுத்துக்கொண்டு வந்தார். ஆன் பிரிக்மன் என்கிறவரைப் பற்றியது. ஹவாயில் 1869இல் பிறந்தவர், புருஷன் கப்பல் கேப்டன். கப்பலில் கூடப் போனபோது விழுந்து அடிபட்டதில் ஒரு மார்பை எடுக்கவேண்டி வந்ததாம். பெண்கள் கார்செட் என்கிற இறுக்கு உள்ளாடையை மூச்சு முட்டக் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. 1900களின் தொடக்கத்தில் இந்த அம்மாள் தன் தங்கையையும் தோழிகளையும் கூட்டிக்கொண்டு சியரா நெவாடா மலைமேல் ஏறி, கூடாரம் போட்டுத் தங்கி, புயலில் முறுக்கிக்கொண்ட மரங்களோடு அவர்களையும் தன்னையும் ஆடையில்லாமல் படமெடுத்தார். மரம் எப்படி வளைந்திருக்கிறதோ அப்படியே கையும் காலும் வளைந்திருக்கும். நர்ஸம்மா பக்கத்தைப் புரட்டிக்கொண்டே, "எனக்கும் இடது பக்கம் இல்லை, ஒன்பது வருஷமாச்சு, என் டாக்டரைத் தவிர யாரும் பார்த்ததில்லை. நீ எடுப்பாயா?" என்றார். எடுக்கிறேன் என்றேன். "அப்படியானால் உன்னை நான் எடுப்பேன்" என்றார். வகையாக மாட்டிக்கொண்டேன்.

இதற்குள் நீ இன்டர்நெட்டில் தேடப் போகிறாய் என்று தெரியும். தேடினால் வருவதெல்லாம் ஒல்லிப்பிச்சான் பெண்கள் அருவியில் நிற்கிற படமாகத்தான் இருக்கும். எட்வர்ட் வெஸ்டன் என்கிற போட்டோக்காரர் 1936இல் கலிபோர்னியாவின் ஓஷியானோ மணல்மேட்டில் தன் காதலி காரிஸ் வில்சனை எடுத்த படங்களும் வரும். அபார அழகு, மணலின் வரி ஒவ்வொன்றும் தெரியும். ஆனால் அதெல்லாம் இன்னொருவர் கண்ணுக்குப் பிடித்த உடம்பு. உன் பீரோக் கண்ணாடிக்கு அதனால் ஒரு உபகாரமும் கிடையாது.

ஆண்களுக்கு இந்தத் தொல்லை இல்லையா என்று கேட்பாய். இமோஜன் கன்னிங்ஹாம் என்கிற போட்டோக்கார அம்மாள் 1915இல் ரெய்னியர் மலையில் தன் புருஷனை இப்படி எடுத்து வெளியிட்டதற்குச் சியாட்டிலில் பெரிய ரகளையாகி, அந்த நெகட்டிவ்களைப் பல வருஷம் எடுத்து மூலையில் வைத்துவிட்டார். பின்லாந்தில் பிறந்த ஆர்னோ மின்கினன் என்று ஒருவர், பிளந்த உதட்டோடு பிறந்தவர். 1970களிலிருந்து ஏரியிலும் பனியிலும் தன் உடம்பையே வைத்து எடுத்துக்கொண்டிருக்கிறார். படத்தில் ஒட்டுவேலை எதுவும் இல்லை, கையும் காலும் தண்ணீருக்குள்ளிருந்து நாணல்போல முளைத்திருக்கும். எங்கள் வீட்டில் இருப்பவரோ, நான் கேமராவைத் தூக்கினால் முதலில் சட்டைப் பொத்தானைச் சரிபார்ப்பார்.

நர்ஸம்மாவின் தங்கைக்கு அந்த ஜோஷுவா ட்ரீ பாலைவனத்து ஓரம் ஐந்து ஏக்கர் நிலம் இருக்கிறது. சுற்று வட்டாரத்தில் ஆள் அரவம் கிடையாது. முதல்நாள் இரவிலிருந்தே எலாஸ்டிக் எதுவும் போடாதே, தளர்வாக உடுத்து என்று ஆசிரியர் சொல்லியிருந்தார். இறுக்கமான துணியின் தடம் தோலில் இருந்தால் படத்தில் பளிச்சென்று தெரியுமாம், மறைய இரண்டு மணி நேரமாவது ஆகுமாம். நைட்டியோடுதான் காரில் போனேன். அங்கே போய்க் குனிந்து பார்த்தால் இடுப்பைச் சுற்றிக் கறுப்பாக ஒரு கோடு. பாவாடை நாடா! பதினாலு வயசில் தாவணிக்குக் கட்ட ஆரம்பித்தது, அப்புறம் புடவை, அப்புறம் சுடிதார் நாடா. இரண்டு மணி நேரத்தில் மறையவா அது? தொட்டால் சொரசொரவென்று எருமைத் தோல்போல இருக்கும், உனக்கும் இருக்கும், தடவிப் பார்.

முதலில் நர்ஸம்மாவை நான் எடுத்தேன். அவர் சட்டையைக் கழற்றி மடித்து ஒரு புதர்மேல் வைத்தார், ஆஸ்பத்திரி டூட்டிபோல. தழும்பு குறுக்கே போகிறது, தையல் போட்ட இடம் சுருங்கியிருக்கிறது. எனக்குக் கண் கலங்குமோ என்று பயந்தேன். கலங்கவில்லை, வெளிச்சம் அளப்பதிலேயே புத்தி போய்விட்டது. கேமராவுக்குப் பின்னால் நின்றால் பரிதாபப்பட நேரம் இருக்காது போலிருக்கிறது.

அப்புறம் என் முறை. காலை ஏழரை மணி, பாலைவனம் என்றாலும் மார்ச்சில் நடுக்குகிற குளிர். முதல் பத்து நிமிஷம் இரண்டு கை போதவில்லை, எதை மறைப்பது என்று தெரியவில்லை. உடம்பு முழுக்கக் காற்றுப் படுவது எப்படி இருக்கும் என்றே மறந்துபோயிருந்தது. பாறையில் படுத்ததும் அந்தக் கிரானைட்டின் பொடிக்கல் தொடையில் குத்த ஆரம்பித்தது. ரங்கோலி மாவை நெருட நெருடத் தேய்த்ததுபோல. வலி வந்ததும் வெட்கம் போய்விட்டது. ஒரு எறும்பு என் வயிற்றில் ஏறி, தயங்காமல் அந்தப் பக்கம் இறங்கி, பாறையிலேயே வந்த வேகத்தில் போனது. அதற்கு நானும் பாறையும் ஒரே மேடுதான்.

அப்போது உன் ஆச்சி ஞாபகம் வந்தாள். ரவிக்கையே போடாமல், பாம்படம் ஆட, திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருப்பாளே. அவள் மேல்கைத் தசையைப் பிடித்து நாம் ஊஞ்சல் ஆட்டுவோம், அவளும் ஆட்டிக் காட்டிச் சிரிப்பாள். அந்தக் கை இப்போது எனக்கு வந்திருக்கிறது. அவள் சிரித்த சிரிப்பு மட்டும் நடுவில் எங்கேயோ தொலைந்துபோய், நீ கண்ணாடிக்குத் துண்டு போட்டிருக்கிறாய், நான் பாத்ரூம் கண்ணாடியைக் கழுத்துக்கு மேலே மட்டும் தெரிகிற மாதிரி உயர்த்தி மாட்டியிருந்தேன்.

படம் எடுத்ததும் ஞானம் வந்துவிட்டது என்று நினைக்காதே. பிலிமைக் கழுவிக் காண்டாக்ட் ஷீட் போட்டுப் பார்த்தேன், ரோலில் உள்ள படமெல்லாம் சின்னச் சின்னதாக ஒரே தாளில் வரும். முப்பத்தாறு கட்டம், முப்பத்தாறிலும் வயிறுதான் தெரிந்தது. அழுகை வந்தது. மூன்று வாரம் அதை மேஜை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டேன். அப்புறம் நர்ஸம்மா தன் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு வகுப்பில் எல்லார் முன்னாலும் காய வைத்தார், கிளிப்பில் மாட்டி, கைக்குட்டை மாதிரி. அந்த ரோஷத்தில் நானும் ஒரு கட்டத்தைத் தேர்ந்தெடுத்து இருட்டறைக்குள் போனேன்.

படத்தை வரவைக்கிற டெவலப்பர் மருந்துத் தட்டில் காகிதம் வெள்ளையாகக் கிடக்கும். லேசாக ஆட்டிக்கொண்டே இருக்கவேண்டும். அரை நிமிஷத்தில் இருட்டான இடங்கள் முதலில் வரும். பாறையின் நிழல், என் தலைமுடி, அடுத்து இடுப்பைச் சுற்றி அந்த நாடாக் கோடு. கோணல் இல்லாமல் தெளிவாக வந்தது. அப்புறம்தான் பார்த்தேன், எனக்குப் பின்னால் இருந்த பாறையிலும் குறுக்கே ஒரு கோடு ஓடுகிறது. வேறு கல் உள்ளே புகுந்து இறுகிய வெளிர்ப் பட்டை, அந்தப் பக்கத்துப் பாறைகளில் நிறைய உண்டு. அங்கே நின்றபோது இரண்டு பேர் கண்ணிலும் அது படவில்லை. அதில் வெள்ளைக் கோடு, என்மேல் கறுப்புக் கோடு, இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரத்தில். தட்டை ஆட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றதில் பிரிண்ட் கொஞ்சம் கறுத்துப் போய்விட்டது. பரவாயில்லை என்று அதையே வைத்துக்கொண்டேன்.

நீயும் போய் இப்படிப் பண்ணு என்று சொல்லவில்லை. நம் ஊரில் எந்தப் பாறைக்கும் பின்னால் நாலு பேர் ஆடு மேய்ப்பார்கள். அதோடு போனில் மட்டும் யாரும் இந்த விளையாட்டு விளையாடக் கூடாது, எங்கே சுற்றி எங்கே போகும் என்று சொல்ல முடியாது. எனக்குத் தைரியம் வந்ததே, கேமரா பொத்தானை அழுத்துகிற கை யாருடையது என்று தெரிந்ததாலும் நெகட்டிவ் என் டிராயரில் இருந்ததாலும்தான். இவ்வளவுக்குப் பிறகும் புடவைக் கடைக் கண்ணாடியில் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டுதான் நிற்கிறேன். ஆனால் பாத்ரூம் கண்ணாடியைப் போன மாதம் ஒரு அடி இறக்கி மாட்டினேன். ஏன் என்று இவர் கேட்டார், கழுத்து வலி என்றேன்.

டிசம்பர் கடைசியில் வருகிறேன், டிக்கெட் போட்டாகிவிட்டது. முறுக்குச் சுட்டு வைக்காதே, அல்வா போதும். பிரிண்ட்டை இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்துப் புடவைக்குள் சுருட்டிக் கொண்டுவருவேன். கஸ்டம்ஸ்காரன் பிரித்தால் சாமி படம் என்று சொல்லப்போகிறேன். மொட்டைமாடிக் கதவைச் சாத்திவிட்டு உனக்குக் காட்டுகிறேன். உன் வீட்டுக்காரரிடம் இதைப் பற்றி மூச்சு விடாதே. அந்தக் குடும்பப் படத்தில் மூன்றாவது வரிசையில் நிற்கிறாயே, அதன் பெரிய காப்பி ஒன்று எடுத்து வை. அதைப் பற்றி நேரில் சண்டை போடவேண்டியிருக்கிறது.

உன்,
செண்பா