புல்வெளிக்காக ஓர் இசை விழா: பெற்றோருக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். செப்டம்பர் இரண்டாவது சனிக்கிழமை மாலை நம் ஊர்ப் பூங்காவில் நடக்கும் இசை விழாவில் நம் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளும் மேடை ஏறுகிறார்கள். பெரிய வகுப்புப் பிள்ளைகள் பறை அடிக்கிறார்கள். சின்னவர்கள் நாட்டுப்புறப் பாடல்கள் பாடுகிறார்கள். அன்று சேரும் பணம் முழுவதும் இங்குள்ள பிரெய்ரி என்னும் இயற்கைப் புல்வெளிகளை மீட்கும் வேலைக்குப் போகிறது.

"புல்லுக்கு எதற்கு நன்கொடை?" என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான்.

இருநூறு ஆண்டுகளுக்கு முன் நாம் வாழும் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் சுமார் 2 கோடி 20 லட்சம் ஏக்கர் பிரெய்ரி இருந்தது. 1837இல் கிராண்ட் டிடூர் என்ற ஊரில் ஜான் டியர் என்ற கொல்லர் எஃகுக் கலப்பை செய்தார். அதுவரை கலப்பையில் அப்பிக்கொண்டு உழவிடாத கறுப்பு மண் அதற்கு வழிவிட்டது. சில பத்தாண்டுகளில் எங்கும் மக்காச்சோளம். உழவு படாத நல்ல பிரெய்ரி இன்று பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான் மிச்சம். அதுவும் பழைய கல்லறைத் தோட்டங்களிலும் ரயில் பாதை ஓரங்களிலும் துண்டு துண்டாகக் கிடக்கிறது.

வசந்த காலத்தில் படேவியா நகரப் பக்கம் போகும்போது புல்வெளி எரிவதைப் பார்த்துப் பதறியிருப்பீர்கள். அது பயிற்சி பெற்றவர்கள் காற்றைப் பார்த்து, ஈரத்தைப் பார்த்து வேண்டுமென்றே வைக்கும் தீ. நம் வீட்டு முற்றத்துப் புல்லின் வேர் சில அங்குலம்தான் இறங்கும். பிரெய்ரியில் வளரும் பிக் புளூஸ்டெம் என்ற உயரமான புல்லின் வேர் ஆறேழு அடிக்கும் கீழே போகும். அதனால் மேலே எரிந்தாலும் அடியில் உயிர் இருக்கும். இடையில் முளைத்த புதரும் மரக்கன்றும் கருகிப்போகும். சாம்பல் படிந்த கறுப்பு மண் வெயிலில் சீக்கிரம் சூடேற, புல் வேகமாகத் துளிர்க்கும். தீ இல்லாவிட்டால் சில ஆண்டுகளில் புதர் மூடிவிடும். தீ வைக்க ஆளும் கருவியும் வேண்டும். உள்ளூர் விதையைக் கையால் பொறுக்கி, சுத்தம் செய்து, விதைக்க வேண்டும். பணம் இதற்குத்தான்.

இப்படி மீட்க முடியுமா என்றால், முடியும். அதே படேவியாவில் ஃபெர்மிலாப் என்ற இயற்பியல் ஆய்வுக்கூட வளாகத்தில் 1975இல் ராபர்ட் பெட்ஸ் என்ற உயிரியல் பேராசிரியர் தன்னார்வலர்களோடு தொடங்கிய விதைப்பு, பிறகு ஏறக்குறைய ஆயிரம் ஏக்கராக விரிந்தது.

வகுப்பில் முல்லை, மருதம் என்று ஐந்திணை சொல்லிக்கொடுக்கிறோம். நிலத்துக்கொரு பூ, பறவை, தொழில் எல்லாம் பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் பிறந்த மண் இது. இந்த நிலத்தின் பூ ஒன்றையாவது பார்த்துப் பெயர் சொல்லத் தெரிய வேண்டாமா? நம் பள்ளி இதில் சேர்ந்ததற்கு எனக்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை.

ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை மேடையை விட்டு இறங்கியதும் கிளம்பிவிடாதீர்கள். நமக்கு அப்புறம் அரோராவிலிருந்து வரும் மரியாச்சி என்ற மெக்சிகோ இசைக் குழுவும் உள்ளூர் பாஞ்சோ, ஃபிடில் கலைஞர்களும் வாசிக்கிறார்கள். அவர்களும் நம் பறையைக் கேட்கக் காத்திருப்பவர்கள்.

நுழைவுக் கட்டணம் இல்லை. வாசலில் உண்டியல் இருக்கும். நம் உணவுக் கடைக்கு லெமன் சாதம், சுண்டல் செய்து தர முடிந்தவர்கள் வகுப்பு ஆசிரியரிடம் இந்த வாரமே சொல்லுங்கள். பறைக் குழுப் பிள்ளைகள் நான்கு மணிக்கே வந்துவிட வேண்டும். மடக்கு நாற்காலியும் கொசு மருந்தும் மறக்க வேண்டாம். அக்டோபரில் விதை பொறுக்கப் போகிறோம். அதற்கான அனுமதிப் படிவத்தை விழாவிலேயே வாங்கிக்கொள்ளலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்