தங்கத்தின் எண்ணும் அலுமினியத்தின் எண்ணும்

கொழும்பு 06

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குத் திருமணம் நிச்சயமான செய்தி அறிந்து வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தோம். ஓய்வு பெற்ற கையோடு உலோகங்காட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு ஒன்ராறியோ ஏரிக்கரையில் நடக்கத் தொடங்கியிருக்கிறாய் என்பதையும், குப்பையைத் தோண்டியே முதுகு நோவதால் டிஸ்கிரிமினேஷனை, அதாவது வேண்டாத உலோகங்களுக்குக் கருவி ஒலிக்காமல் அடைக்கும் அமைப்பை, எந்த அளவுக்கு உயர்த்தி வைக்கலாம் என்று கேட்டிருப்பதையும் வாசித்தேன். ஏற்கெனவே உயர்த்தியிருந்தால் இன்றே இறக்கிவிடு. ஏன் என்று சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தங்கம் எது, தகரம் எது என்று உன் கருவிக்குத் தெரியாது. அனுப்பும் சுருள் உண்டாக்கும் மாறுகின்ற காந்தப்புலம் மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அந்த மின்னோட்டம் எழுப்பும் மெல்லிய புலத்தை வாங்கும் சுருள் பிடித்து, அனுப்பிய அலையைவிட அது எவ்வளவு பிந்தி வந்தது என்பதை அளக்கிறது. திரையில் நீ பார்க்கும் எண் அந்தப் பிந்தலின் அளவுதான். உலோகம் எதனால் ஆனது என்பது மட்டுமல்ல, அதன் பருமனும் வடிவமும் அந்த எண்ணுக்குள் கலந்திருக்கின்றன. ஆணி போன்ற இரும்பு எண்வரிசையின் அடியில் விழும். சிகரெட் பெட்டியின் ஈயத்தாள் அதற்குச் சற்று மேலே நிற்கும். செம்பும் வெள்ளியும் உச்சிக்குப் போகும். தங்க மோதிரங்களோ பெரும்பாலும் ஈயத்தாளுக்கும் செம்புக்கும் நடுவே, சோடா டின்னின் அலுமினிய இழுவளையம் விழுகின்ற அதே பகுதியில் விழும்.

சென்ற மாதம் இப்படியொரு கருவி திருத்த வேலைக்காக என் மேசைக்கு வந்தது. கேபிளில் இருந்த முறிவைச் சரிசெய்த பிறகு, உலோகம் எதுவும் அருகில் இல்லாத மரமேசையில் சுருளை வைத்து, மனைவியின் மோதிரத்தையும் ஒரு இழுவளையத்தையும் மாறி மாறி அதன்மேல் அசைத்துப் பார்த்தேன். இரண்டும் அடுத்தடுத்த எண்களிலேயே வந்தன. மெல்லிய சங்கிலி அதைவிட மோசம்: அதன் ஒவ்வொரு கண்ணியும் தனித்தனிச் சிறு வளையமாக இருப்பதால் கழுத்துப் பகுதி முழுவதையும் அசைத்தும் கருவி மௌனமாக இருந்தது, கொக்கி சுருளுக்கு மேல் வந்தபோதுதான் மெல்ல ஒலித்தது. வெட்டுண்டு வாய் திறந்த மோதிரமும் இப்படித்தான், முழு மோதிரம் காட்டும் எண்ணைவிட வெகுவாகக் கீழே இறங்கிவிடும். இழுவளையம் வேண்டாமென்று அந்தப் பகுதியை அடைத்துவிட்டால் நீ எதைத் தேடி ஏரிக்கரைக்குப் போகிறாயோ அதையும் சேர்த்தே அடைத்துவிடுகிறாய்.

உயர்ந்த டிஸ்கிரிமினேஷனில் இன்னொரு கேடும் இருக்கிறது. ஆணியும் மோதிரமும் அருகருகே கிடக்கும்போது, ஆணிக்காக வாயை மூடிக்கொண்ட கருவி மீண்டும் திறப்பதற்குள் சுருள் மோதிரத்தைக் கடந்துவிடும். ஆழத்தில் கிடக்கும் நல்ல பொருளின் எண்ணும் மண்ணிலுள்ள கனிமங்களால் இரும்பின் பக்கம் இழுபடுவதுண்டு. ஆகவே இரும்பை முற்றாக மௌனமாக்காதே. உன் கருவியில் வசதியிருந்தால் அதற்குத் தாழ்ந்த ஒலியைக் கொடுத்து, ஒலிக்கட்டும் என்று விட்டுவிடு. அந்த உறுமல்களுக்கிடையில் எழும் சிறிய தெளிவான ஒலியைக் காது தானாகவே பிரித்தெடுக்கப் பழகிவிடும். ஆணி நிறைந்த இடத்தில் சிறிய சுருளை மாட்டிக்கொண்டு மெதுவாக வீசுவது எந்த அமைப்பையும்விடப் பயன் தரும்.

தோண்டுவதற்கு முன் செய்யத்தக்க சோதனைகள் இரண்டு. ஒன்று, நின்ற இடத்திலிருந்து 90 பாகை சுற்றிவந்து மறுபடியும் வீசிப் பார்ப்பது. மோதிரமோ நாணயமோ என்றால் எண் ஏறக்குறைய அப்படியே நிற்கும். ஆணி என்றால் எண் குதிக்கும், அல்லது ஒலியே உடைந்துபோகும். மற்றையது போத்தல் மூடிக்கானது. அது எஃகுத் தகடு என்பதால் சில வேளைகளில் நாணயத்தின் எண்ணையே காட்டி ஏமாற்றும். உன் சுருள் இரட்டை டி வகையாக (D வடிவச் சுருள்கள் இரண்டு முதுகோடு முதுகாக அமைந்தது) இருந்தால் அதன் நுனி மட்டும் இலக்குக்கு மேல் செல்லும்படி வீசிப் பார். மூடி பெரும்பாலும் அங்கே இரும்பின் உறுமலைக் காட்டிக்கொடுத்துவிடும்.

குளிக்கும் கரையில் இழுவளையங்களையும் சேர்த்துத் தோண்டத்தான் வேண்டும். குளிர்ந்த நீரில் விரல் சுருங்கி மோதிரம் கழன்று விழுவது அங்கேதான். பூங்காவில் பழைய நாணயம் மட்டும் தேடுகிறாய் என்றால் நடுப்பகுதியை அடைப்பதில் பெரிய நட்டமில்லை. 1920 முதல் 1966 வரை வெளிவந்த கனேடிய 10, 25 சத நாணயங்களில் 80 வீதம் வெள்ளி என்பதால் அவை உயர்ந்த எண்ணில் தெளிவாகப் பேசும்.

ஏரி நன்னீர் என்பது உன் அதிர்ஷ்டம். இங்கே வெள்ளவத்தைக் கரையின் ஈர மணலில் உப்புநீரே மின்னைக் கடத்துவதால், ஒற்றை அதிர்வெண் கருவி உலோகமே இல்லாத இடத்திலும் ஓயாமல் பிதற்றும். உப்பை அடைத்தால் மெல்லிய தங்கமும் அதனோடு போய்விடும். பல அதிர்வெண்களில் ஒரே நேரத்தில் இயங்கும் கருவிகள்தான் அங்கே ஓரளவு நிதானமாக நடந்துகொள்கின்றன.

அடுத்த முறை ஊருக்கு வரும்போது கருவியையும் கொண்டுவந்து உங்கள் பழைய வளவில் தேடப்போவதாக எழுதியிருக்கிறாய். தயவுசெய்து வேண்டாம். தொல்பொருட்களைத் தேடி அனுமதியின்றி அகழ்வது 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி குற்றம். புதையல் தோண்டப் போனவர்கள் கருவியோடு பிடிபட்ட செய்திகளைப் பத்திரிகைகளில் அடிக்கடி பார்க்கிறேன். அதைவிட எனக்குப் பெரிய கவலை மிதிவெடிகள். மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசெம்பரில் இணைந்தது. வடக்கில் அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. உலோகம் மிகக் குறைவாக உள்ள மிதிவெடியின் சிறிய ஊசியும் ஒரு துண்டு கம்பியும் ஒரே மாதிரி ஒலிக்கலாம் என்பதால், அங்கே முழந்தாளிட்டு மிதிவெடி அகற்றும் பணியாளர்கள் எந்த ஒலியையும் குப்பை என்று ஒதுக்குவதில்லை. ஒவ்வொன்றையும் மிதிவெடியென்றே எண்ணி மண்ணை நீக்குகிறார்கள். அந்த மண்ணில் நீ பொழுதுபோக்காக மண்வெட்டி வைப்பதை என்னால் நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை.

மனைவியும் நானும் நலம். அடுத்த கடிதத்தில் உன் கருவியின் அதிர்வெண்ணையும் சுருளின் அளவையும் எழுது. உன் மோதிரத்தையும் ஒரு இழுவளையத்தையும் மேசையில் அசைத்துப் பார்த்து, வருகின்ற எண்களையும் குறித்து அனுப்பினால், எந்த எண்ணுக்குக் கீழே அடைக்கலாம் என்பதைத் திட்டமாகச் சொல்கிறேன்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்