192 என்ற எண்ணைப் பார்த்து வாங்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டிலேயே பாட்டைப் பதிவு செய்ய விரும்புவோருக்கான கருவிகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். இத்தகைய விஷயத்துக்கு நாளிதழில் இடம் கிடைப்பது அரிது. அதற்காக முதலில் என் நன்றி. ஆனால், மைக்கையும் கிட்டாரையும் கணினியுடன் இணைக்கும் பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸைக் குறைந்த விலையில் வாங்குவோர் எத்தனை கிலோஹெர்ட்ஸ், எத்தனை மைக் செருகலாம் என்ற இரண்டை மட்டும் பார்த்தால் போதும் என்று அதில் சொல்லப்பட்டிருந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. பல ஆண்டுகளாகச் சிறிய அறை ஒன்றில் குரலையும் கிட்டாரையும் பதிவு செய்துவருகிறேன். தொடக்கத்தில் அந்த இரண்டு எண்களை நம்பிப் பணத்தை இழந்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

மனிதக் காதுக்குக் கேட்கும் உச்ச அதிர்வெண் ஏறத்தாழ 20 கிலோஹெர்ட்ஸ். அதை முழுமையாகப் பிடிக்க அதன் இருமடங்கைச் சற்றே தாண்டிய சாம்பிள் ரேட், அதாவது ஒலியை ஒரு வினாடிக்கு எத்தனை முறை அளக்கிறோம் என்ற எண், போதுமானது, குறுந்தகடு 44.1 கிலோஹெர்ட்ஸிலும், வீடியோவுக்கான ஒலி 48 கிலோஹெர்ட்ஸிலும் அமைந்திருப்பது இதனால்தான். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடப்படும் 192 கிலோஹெர்ட்ஸ் என்ற எண் வீட்டில் பாடுபவருக்குத் தருவது பெரும்பாலும் கோப்பின் எடையை மட்டுமே. நான்கு நிமிடப் பாடலில் ஒற்றைக் குரல் தடம் 24 பிட் (ஒவ்வொரு அளவையும் எழுதும் நுணுக்கம்), 48 கிலோஹெர்ட்ஸில் சுமார் 35 மெகாபைட் என்றால், 192 இல் அதே தடம் சுமார் 138 மெகாபைட் ஆகிறது. இதற்கு மாறாக, 24 பிட் என்பது உண்மையில் உதவும் வசதி. அது இருந்தால் ஒலி அளவை உச்சக் கோட்டுக்கு 10 அல்லது 12 டெசிபல் கீழேயே வைத்துப் பதிவு செய்யலாம்; பாடகர் உணர்ச்சிவசப்பட்டுக் குரலை உயர்த்தும் இடத்திலும் ஒலி சிதையாது. இன்று விற்கும் குறைந்த விலைக் கருவிகளில் பெரும்பாலானவை 24 பிட் கொண்டவை, சில மட்டும் இன்னும் 16 பிட்டில் நிற்கின்றன. அதை மட்டும் கவனித்துக்கொண்டால் இந்த விஷயம் அவ்வளவுதான்.

கட்டுரை முழுவதிலும் கெயின், அதாவது மைக்கின் ஒலியைக் கருவி பெருக்கும் அளவு, என்ற சொல்லே வரவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய குறையாகத் தெரிந்தது. மைக்கிலிருந்து வரும் மின்சைகை ஒரு சில மில்லிவோல்ட் அளவே இருக்கும், பல நேரங்களில் அதற்கும் குறைவு. அதைப் பெருக்கித் தருவது கருவிக்குள் இருக்கும் ப்ரீஆம்பின் வேலை. கண்டென்சர் மைக் ஓரளவு வலுவான சைகையைத் தரும். ஆனால் அதற்குக் கருவியிலிருந்து 48 வோல்ட் பாண்டம் பவர் வேண்டும். டைனமிக் மைக்குக்கு அந்த மின்சாரம் தேவையில்லை, ஆனால் அதன் சைகை மெலிதாக இருப்பதால் அதிக கெயின் தேவைப்படுகிறது. பாட்காஸ்ட் செய்வோர் பலர் விரும்பும் ஷூர் எஸ்எம்7பி மைக்குக்குக் குறைந்தது 60 டெசிபல் கெயின் வேண்டும் என்று அதன் தயாரிப்பாளரே கூறுகிறார். 60 டெசிபல் என்றால் மின்னழுத்தத்தை ஆயிரம் மடங்கு பெருக்குவது. இனி, வீட்டு ஒலிப்பதிவில் மிகப் பரவலாகப் புழங்கும் ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் கருவிகளைப் பாருங்கள். 2019 இல் வந்த மூன்றாம் தலைமுறை 2ஐ2 கருவியின் கெயின் 56 டெசிபல். 2023 இல் வந்த நான்காம் தலைமுறையில் அதுவே 69 டெசிபல். ஆனால் அதே நான்காம் தலைமுறையின் சிறிய சோலோ கருவியில் 57 டெசிபல்தான். ஆக, சோலோவுக்கும் 2ஐ2க்கும் இடையிலான விலை வித்தியாசம் கூடுதலாக ஒரு மைக் செருகும் வசதிக்கு மட்டும் என்று எண்ணி, தனியாகப் பாடுகிற எனக்கு ஒன்று போதுமே என்று சோலோவை வாங்குபவர், 12 டெசிபலையும், அதாவது நான்கு மடங்கு பெருக்கத்தையும், தெரியாமலே விட்டுவிடுகிறார். கண்டென்சர் மைக் வைத்திருப்பவருக்கு இதனால் இழப்பேதும் இல்லை. மெல்லிய குரலை டைனமிக் மைக்கில் பதிவு செய்பவரோ குமிழைக் கடைசி வரை திருப்பியும் போதாமல் தவிப்பார். எனவே, எந்த மைக் என்பதை முடிவு செய்யாமல் இன்டர்ஃபேஸைத் தேர்ந்தெடுப்பது காலை அளக்காமல் செருப்பு வாங்குவது போன்றது.

இரைச்சலைப் பற்றிய அச்சம் மட்டும் இன்று தேவையற்றது என்பேன். நல்ல குறைந்த விலைக் கருவிகளின் ப்ரீஆம்ப் இரைச்சல் இயற்பியல் அனுமதிக்கும் எல்லைக்குச் சில டெசிபல் தூரத்திலேயே இருக்கிறது. மின்விசிறியும் வெற்றுச் சுவர்களின் எதிரொலியும் பதிவில் சேர்க்கும் கேடு அதைவிடப் பன்மடங்கு பெரிது. எந்த இன்டர்ஃபேஸாலும் அதை நீக்க முடியாது.

அடுத்து, லேட்டன்சி எனப்படும் தாமதம். பாடகர் எழுப்பிய ஒலி கணினிக்குள் சென்று, மென்பொருளைக் கடந்து, ஹெட்போனுக்குத் திரும்புவதற்குள் சிறிது நேரம் ஆகிறது. 48 கிலோஹெர்ட்ஸில் 256 சாம்பிள் பஃபர் (கணினி ஒலியைச் சேர்த்துவைத்துக் கையாளும் இடைத்தேக்கம்) வைத்தால் ஒரு வழிக்கே 5.3 மில்லிவினாடி; போய்வரும் நேரத்தையும் ஒலியை எண்களாகவும் எண்களை ஒலியாகவும் மாற்றும் மாற்றிகளின் தாமதத்தையும் கூட்டினால் 10 மில்லிவினாடியைத் தாண்டிவிடும். காற்றில் ஒலி அந்த நேரத்தில் கடப்பது மூன்றரை மீட்டர் தொலைவுதானே, இதில் என்ன இடைஞ்சல் என்று தோன்றலாம். கிட்டார் வாசிப்பவர் ஒருவேளை பழகிக்கொள்வார், பாடுபவரால் முடிவதில்லை. தம் குரலை அவர் தலையெலும்பின் வழியாக உடனே கேட்கிறார், அதே குரல் ஹெட்போனில் சற்றுப் பிந்தி வந்து அதனுடன் மோதுகிறது. குரல் குழாய்க்குள்ளிருந்து வருவது போல் ஒலிக்கும், சுருதி பிடிப்பது கடினமாகும். மைக்கின் ஒலியைக் கணினிக்குள் அனுப்பாமல் நேரே ஹெட்போனுக்குத் தரும் டைரக்ட் மானிட்டரிங் வசதி இதற்காகவே உள்ளது. அது இல்லாத கருவியைப் பாடுபவர் வாங்கவே கூடாது. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. இரண்டு மைக் செருகும் சில கருவிகளில் இது ஸ்டீரியோவாக மட்டுமே கிடைப்பதால், முதல் மைக் இடக் காதிலும் இரண்டாவது மைக் வலக் காதிலும் மட்டுமே கேட்கும். என் முதல் கருவி அப்படிப்பட்டது. ஒற்றைக் காதில் என் குரலைக் கேட்டபடி பாடிய பதிவுகளில் சுருதி விலகியிருப்பதை இன்றும் என்னால் காட்ட முடியும். இரு காதிலும் ஒரே ஒலி கேட்கும்படி மோனோவுக்கு மாற்றும் பொத்தான் இருக்கிறதா என்று கேட்டு வாங்குவது நல்லது.

எத்தனை மைக் என்ற கேள்விக்கு விடை எளிது: ஒரே நேரத்தில் எத்தனை பேர் என்பதே கணக்கு. தனியாகப் பாடி, வாசித்து, தடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குபவருக்கு இரண்டு உள்ளீடுகள் தாராளம். கிட்டாரை நேரடியாகச் செருகுவதாயின், இன்ஸ்ட்ருமென்ட் எனக் குறிக்கப்பட்ட, 1 மெகாஓம் மின்தடை அளவிலான உள்ளீடு இருக்க வேண்டும். சாதாரண லைன் உள்ளீட்டில் செருகினால் கிட்டாரின் பளிச்சென்ற மேல்தொனி மங்கிவிடும். எனக்கு எத்தனை உள்ளீடு தேவை என்பதை அறியாமல் எட்டு உள்ளீடுகள் கொண்ட பழைய கருவி ஒன்றை, எண்ணிக்கையைக் கண்டு மயங்கி, இரண்டாம் கையாக வாங்கினேன். ஓராண்டுக்குப் பின் கணினியின் இயங்குதளத்தைப் புதுப்பித்தபோது கணினியுடன் அதைப் பேசவைக்கும் மென்பொருளான டிரைவர் வேலை செய்யவில்லை. தயாரிப்பாளர் புதிய டிரைவர் வெளியிடப் போவதில்லை என்று பதில் எழுதினார். ஒரு குறையும் இல்லாத அந்தக் கருவி அன்று முதல் அலமாரியில் கிடக்கிறது.

டிரைவரின் ஆயுளே கருவியின் ஆயுள் என்பதை அப்போதுதான் புரிந்துகொண்டேன். தனி டிரைவர் கேட்காமல் பொது யூஎஸ்பி ஆடியோ தரத்தின்படி இயங்கும் கருவிகளை மேக் கணினிகளும் பல கைப்பேசிகளும் தாமாகவே அடையாளம் காண்கின்றன. தயாரிப்பாளர் கைவிட்டாலும் அவை ஓடிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். விண்டோஸில் நிலைமை வேறு. குறைந்த தாமதத்துக்கு இசை மென்பொருள்கள் பெரிதும் நாடுவது ஸ்டெயின்பெர்க் நிறுவனம் 1997 இல் உருவாக்கிய ஏஎஸ்ஐஓ முறையை. அதற்குத் தயாரிப்பாளரே எழுதிய டிரைவர் இருக்கிறதா, கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்று அவருடைய இணையதளத்தில் பார்த்துவிட்டுப் பணம் கொடுப்பதே பாதுகாப்பு.

ஆகவே, இனி இத்தகைய கருவிகளைத் தங்கள் நாளிதழில் மதிப்பிடும்போது, மைக் கெயின் எத்தனை டெசிபல், டைரக்ட் மானிட்டரிங் மோனோவிலும் கிடைக்கிறதா, எந்தெந்த இயங்குதளங்களுக்கு இன்றும் டிரைவர் வருகிறது, 128 அல்லது 256 சாம்பிள் பஃபரில் போய்வரும் தாமதம் எவ்வளவு ஆகிய விவரங்களையும் சேர்த்து வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். கடைசியாகச் சொன்ன அளவைத் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் அச்சிடுவதில்லை. எனினும் கருவியின் வெளியீட்டையும் உள்ளீட்டையும் ஒரே கேபிளால் இணைத்து, ஒரு கிளிக் ஒலியை அனுப்பி, அது எத்தனை சாம்பிள் பிந்தித் திரும்பப் பதிவாகிறது என்று எண்ணினால் தங்கள் கட்டுரையாளரே ஐந்து நிமிடத்தில் அதை அளந்துவிடலாம்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகன்