முற்றத்தை இப்போதே வரைபடத்தில் குறித்துவிடுங்கள்

வன்னியில் வீட்டுத்திட்ட வரைபடங்களைத் தயாரித்து ஒப்புதல் வழங்கும் பொறியியலாளர்களுக்கும் தொழில்நுட்ப உத்தியோகத்தர்களுக்கும்,

வணக்கம். இங்கே கட்டட வேலையில் இருக்கும் மேசன்மாரும் தச்சர்களும் படவரைஞர்களும் சேர்ந்து எழுதுகிறோம். அடுத்த மாதிரி வரைபடத்தை முடிவாக்க முன்னர், கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த இரண்டு வீடுகளை நேரில் பார்த்து வாருங்கள்.

முதலாவது கொழும்பு கொள்ளுப்பிட்டியில், 33 ஆவது ஒழுங்கையிலுள்ள 11 ஆம் இலக்க வீடு. வரிசையாக நின்ற நான்கு சிறு வீடுகளில் ஒன்றில் 1958 இல் பாவா குடிபுகுந்தார். அடுத்த பத்து ஆண்டுகளில் மற்றவற்றையும் சேர்த்து ஒரே வீடாக்கினார். இணைத்த இடங்களில் வானம் பார்த்த சிறு முற்றங்களை விட்டார். நீங்கள் ஊன்றிப் பார்க்க வேண்டியது அதைத்தான். வன்னியில் 550 சதுர அடி வீடு பெற்ற குடும்பமும் கைக்குக் காசு வரும்போது ஒவ்வோர் அறையாகக் கூட்டுகிறது. புதிய சுவர் பழைய யன்னலை அடைக்க, நடு அறை பகலிலும் மின்குமிழ் கேட்கிறது. பிழை குடும்பத்துடையதல்ல. வளரப்போகும் வீட்டுக்கு வளராத வரைபடம் கொடுத்திருக்கிறோம்.

இரண்டாவது, பற்றிக் துணிக் கலைஞர் ஏனா டி சில்வாவுக்குப் பாவா வரைந்த வீடு. 1960களின் தொடக்கத்தில் கொழும்பு அல்பிரட் பிளேஸில் எழுந்தது. பின்னர் கல்லுக்கும் மரத்துக்கும் இலக்கமிட்டுப் பிரித்து, பெந்தோட்டைக்கு அருகே பாவாவின் தோட்டமான லுணுகங்கவில் மறுபடி கட்டினார்கள். நடுவில் முற்றம், சுற்றிவர விறாந்தை. நாற்சார் வீட்டில் வளர்ந்தவருக்கு அங்கே எதுவும் அந்நியமாக இராது.

இரண்டுக்கும் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். லுணுகங்க வீட்டில் விருந்தினர் தங்குவதுண்டு, ஆகவே அன்று உள்ளே விடுவார்களா என்றும், படமெடுக்கலாமா, அளக்கலாமா என்றும் கேட்டு வையுங்கள். ஆறேழு பேருக்கு மேல் ஒன்றாகப் போனால் எதையும் நின்று பார்க்க முடியாது. வெயில் உச்சிக்கு வரும் நேரம் நல்லது. அளவுநாடாவும் வெப்பமானியும் கொண்டுபோய் ஒழுங்கை, முற்றம், விறாந்தை, உள்ளறை நான்கிலும் வெப்பத்தைக் குறியுங்கள். முற்றத்தின் நீள அகலம், தாழ்வாரத்தின் உயரம், விறாந்தையின் அகலம் மூன்றும் சேர்ந்துதான் அந்த நிழலைத் தருகின்றன. ஒன்றை மட்டும் எடுத்துவந்து பயனில்லை.

பார்த்ததை அப்படியே இங்கே இறக்கினால் முதல் மாரியிலேயே கெடும். 550 சதுர அடிக் கூரை ஏறத்தாழ 51 சதுர மீற்றர். ஒரு நாளில் 100 மில்லிமீற்றர் பெய்தால் 5,100 லீற்றர் தண்ணீர். அதில் பாதி உட்புறம் சரிந்தாலும் 2,500 லீற்றருக்கு மேல் முற்றத்தில் விழும். இரண்டு அங்குலக் குழாய் ஒன்றை மட்டும் வைத்தால் நாலு வேப்பஞ்சருகே அடைத்துவிடும். நான்கு அங்குல வாய்கள் இரண்டு வேண்டும், முற்றத்துத் தரை விறாந்தையிலிருந்து ஆறு அங்குலமாவது தாழ வேண்டும். ஒழுக்கு பெரும்பாலும் தொடங்குவது கூரைகள் சந்திக்கும் உள்மூலைப் பீலியில். அங்கே தகட்டைக் குறுக்கிச் சிக்கனம் பிடிக்காதீர்கள். சோளகம் (தென்மேற்குக் காற்று) புழுதியை அள்ளிவரும் பக்கத்தை மூடியே வையுங்கள். கொழும்பில் இந்தத் தொல்லை இல்லை.

பாவா பல கட்டடங்களில் நெளி சீற்றின் மேல் அரைவட்ட ஓடு பரப்பினார். மழையைச் சீற் தடுக்கும், வெயிலை ஓடு தாங்கும். குரங்கு ஓட்டைப் புரட்டினாலும் வீடு ஒழுகாது என்பதால் இது வன்னிக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. ஆனால் அஸ்பெஸ்டஸ் வேண்டாம், அது கலவாத சீற்றைக் கேளுங்கள். இரட்டைப் பாரத்துக்கு ஏற்பக் கைமரத்தையும் கணக்கிடுங்கள்.

பெரிய முற்றம் கேட்கவில்லை. குசினியைப் பிரதான வீட்டிலிருந்து பத்தடி தள்ளி வையுங்கள். இடைவெளியைப் புள்ளிக்கோட்டால் "முற்றம்" என்று குறித்து, பின்னால் வரப்போகும் அறைகளையும் அதைச் சுற்றியே காட்டுங்கள். தண்ணீர் வெளியேறும் குழாயை அத்திவாரம் போடும்போதே பதிக்கச் சொல்லுங்கள். பிறகு உடைத்துப் பதிக்கும் செலவு அந்தக் குடும்பத்தின் தலையில்தான் விழும்.

இப்படிக்கு,
வன்னிக் கட்டடத் தொழிலாளர் சிலர்