உரமாகும் முன் கொஞ்சம் கைவினைக்கு

ஆசிரியருக்கு,

சென்னைப் பூங்காக்களில் உதிரும் இலைகளை அங்கேயே உரமாக்குவது பற்றிய செய்தியைப் படித்தேன். நல்ல வேலைதான். ஆனால் குவிவது எல்லாமே குழிக்குப் போக வேண்டியதில்லை. தூங்குமூஞ்சி மரத்தின் நெற்று, மகோகனிக் காயின் கெட்டியான ஓடு, மஞ்சாடி விதை, சிவந்து விழும் பாதாம் இலை என நம் தெருவோர மரங்கள் தருவது பலவும் கைவினைக்கு உதவும். பிள்ளைகளோ பள்ளிக்கூட புராஜெக்டுக்குக் கடையில் தெர்மாகோலும் பிளாஸ்டிக் மணியும் வாங்குகிறார்கள். எங்கள் குடியிருப்பில் கோடை விடுமுறையில் தேக்கின் இளந்தளிரைக் கசக்கிக் காட்டினோம். கையெல்லாம் சிவப்பு! அந்தச் சாற்றிலேயே பருத்தித் துணியில் இலை அச்சுப் பதித்தவர்கள், வேறு எந்த மரத்தில் என்ன நிறம் வரும் என்று கேட்டுத் துளைத்துவிட்டார்கள்.

2010-இல் திறக்கப்பட்ட செம்மொழிப் பூங்காவிலும், பெரிய மாநகராட்சிப் பூங்காக்களிலும் விதை, நெற்றுகளைப் பிரித்துப் போட ஒரு பெட்டியும், ஞாயிறு காலையில் செய்து பார்க்க ஒரு மேசையும் வைக்கலாம். அப்புறம் ஒன்று: குன்றிமணி நச்சு விதை. அந்தப் பெட்டியில் அது சேராமல் தோட்டப் பணியாளர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

- ஒரு வாசகி, கோடம்பாக்கம், சென்னை