கூவம் கரை நெடுகக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

கேசாவரம் அணைக்கட்டில் தொடங்கி நேப்பியர் பாலம் வரை, கூவம் ஓடும் சுமார் 70 கிலோமீட்டரையும் நடந்தும் வண்டியிலுமாக இந்தத் தை மாதம் பார்த்து முடித்தோம். அங்கங்கே தண்ணீர் எடுத்துச் சோதித்தோம். நாங்கள் நாலு பேர் மட்டும் செய்திருக்க முடியாத காரியம் இது.

முதலில் கூவம் கிராமத்துப் பெரியவருக்கு. ஆற்றில் இறங்க வழி தெரியாமல் நின்றபோது, மாட்டைக் கட்டிவிட்டு, "அங்க சேறு, இந்தப் பக்கம் மணல்" என்று கூடவே வந்தார். 300 மி.லி. பாட்டிலில் காற்றுக்குமிழி தங்காமல் தண்ணீர் பிடித்து, மாங்கனீசு சல்பேட்டும் கார அயோடைடும் விட்டோம். பழுப்பாகத் திரண்டு மெல்ல அடியில் இறங்கியது. தண்ணீரில் ஆக்சிஜன் இருக்கிறது என்று அர்த்தம். பெரியவர் பாட்டிலை வாங்கி வெயிலில் தூக்கிப் பார்த்தார். "நாங்க நீச்சல் பழகின தண்ணிப்பா" என்றார்.

கொரட்டூர் அணைக்கட்டில் எங்களோடு அரைநாள் இருந்த ஓய்வுபெற்ற லஸ்கர் (மதகையும் கால்வாயையும் கவனிக்கும் ஊழியர்) ஐயாவுக்கும் நன்றி. இங்கிருந்து கூவத்துத் தண்ணீர் புது பங்காரு கால்வாய் வழியாகச் செம்பரம்பாக்கம் ஏரிக்குப் போகிறது. அதாவது சென்னை குடிக்கும் தண்ணீரில் கூவத்துக்கும் பங்கு உண்டு. ஐயா கைகாட்டிச் சொன்ன பிறகுதான் அது மனதில் ஏறியது.

அப்புறம் சேத்துப்பட்டு. அதே மருந்து, அதே மாதிரி பாட்டில். இறங்கியது வெள்ளை. ஆக்சிஜன் இருந்திருந்தால் பழுப்பாகியிருக்கும். குளிக்கத் தகுந்த தண்ணீருக்கு லிட்டருக்கு 5 மில்லிகிராமாவது வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவு. எங்களில் யாருக்கும் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. ஆற்றின் மேல் எந்தக் குற்றமும் இல்லை. நகரத்துச் சாக்கடையை அதில் திருப்பிவிட்டது நாம்தான். பாலத்தடியில் கயிறும் வாளியும் கொடுத்து, கை கழுவ நல்ல தண்ணீரும் சோப்பும் கொண்டுவந்த தம்பிகளே, உங்களை மறக்க மாட்டோம்.

கிருமிச் சோதனைக்கு எடுத்த தண்ணீர் ஆய்வகம் போய்ச் சேரும்வரை குளிர்ச்சியாகவே இருக்க வேண்டும். சிந்தாதிரிப்பேட்டைக்கு வருவதற்குள் எங்கள் பெட்டியில் ஐஸ் கரைந்துவிட்டது. மீன் மார்க்கெட்டில் ஒரு அக்கா, வியாபாரம் மும்முரமாக நடக்கிற நேரத்தில், தன் மீனுக்கு வைத்திருந்த ஐஸை உடைத்து இரண்டு கை நிறைய அள்ளிப் போட்டார். காசு நீட்டினோம். "ஆத்துக்குத்தானே, போங்க" என்று வாங்கவே இல்லை.

அக்கா, முடிவுகள் வந்ததும் முதலில் உங்களிடம்தான் கொண்டுவருவோம். கூவம் பெரியவருக்கு இரண்டு பாட்டில்களின் படமும் வரும்.