குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். பொங்கல் விளையாட்டுப் போட்டி, சுதந்திர தினக் கொடியேற்றம், மழைக்கு முன் வடிகால் தூர்வாரியது எல்லாம் வழக்கம்போல நடந்தன. மூன்றாவது குறுக்குத் தெரு விளக்குக்கு மறுபடியும் மனு கொடுத்திருக்கிறோம்.

கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியது, அக்டோபர் 10 உலக மனநல நாளுக்கு நாம் நடத்திய கூட்டம். வந்தவர்களைவிட நாற்காலிகள் அதிகம், அதுவும் வாடகை நாற்காலிகள். வீடு வீடாக அழைக்கப் போனபோது சிலர் "இதெல்லாம் சிட்டியில ஐடி வேலை பார்க்கிறவங்களுக்கு வர்ற டென்ஷன் சார்" என்றார்கள். வேறு சிலர் "கிராமத்துலதான் சார் பேய் பிடிச்சுதுன்னு ஆடுவாங்க, இங்க எல்லாரும் படிச்சவங்க" என்றார்கள். நம் தெருவில் யாருக்கும் இல்லை என்பதில் மட்டும் இரு தரப்பும் ஒற்றுமை. சந்தா விஷயத்தில் இந்த ஒற்றுமையைக் காணோம்.

பெங்களூரில் உள்ள தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிமான்ஸ் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு அப்போது ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்தது, குடிக்கு அடிமையானதும் இதில் சேர்த்தி. பெருநகரங்களில் 14.7 சதவீதம், கிராமங்களில் 9.6 போல, சிறு நகரங்களிலும் ஏறக்குறைய அதே அளவு. பெருநகரத்தில் கூடுதல்தான், சரி, அதற்காகக் கிராமம் தப்பித்துவிடவில்லை. நம் குடியிருப்பில் பெரியவர்கள் மட்டும் நானூறு பேர் இருப்போம், குறைந்த கணக்கில் போட்டாலும் நாற்பது பேர் பக்கம் வருகிறது.

அதைவிட என்னை உறுத்தியது, நோய்க்குத் தக்கபடி 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சையே பெறவில்லை என்பது. கிராமத்தில் மனநல மருத்துவரைப் பார்க்க ஒருநாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏற வேண்டும், அதற்குள் சொந்தக்காரர்கள் கோயிலுக்கோ தர்காவுக்கோ கூட்டிப் போய்விடுவார்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி தர்கா பக்கத்து மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டிவைத்திருந்த 28 பேர் தீயில் செத்ததை மறந்திருக்க மாட்டீர்கள். இங்கே டாக்டர் பக்கத்திலேயே இருக்கிறார், ஆனால் அவர் கிளினிக் வாசலில் நம்மை யாரும் பார்த்துவிடக் கூடாது. கூட்டத்துக்கு வராதவர்களில் சிலர் அப்புறம் இரவு நேரத்தில் போன் செய்து அந்த டாக்டரின் நம்பர் கேட்டார்கள். பெயர் சொல்ல மாட்டேன், பயப்பட வேண்டாம்.

மனநல ஆலோசனை தரும் அரசின் டெலி மானஸ் இலவச தொலைபேசி எண் 14416ஐ அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். தமிழிலேயே பேசலாம், எந்த நேரமும் கூப்பிடலாம். குழந்தைகள் பார்க்கிறார்கள் என்று யாரோ கிழித்துவிட்டார்கள். மறுபடி ஒட்டியிருக்கிறேன், இந்த முறை கண்ணாடிக்கு உள்ளே.

வரவு செலவு ஏறத்தாழச் சரிக்குச் சரி, விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. கூட்டச் செலவைப் பற்றி வாட்ஸ்அப்பில் கேள்வி கேட்டவர்களில் பாதிப் பேருக்குச் சந்தா பாக்கி என்பதையும் அவரே சொல்வார். கட்டணம் வாங்காமல் வந்து பேசிய டாக்டருக்கும், சுண்டல் செய்து தந்த மகளிர் குழுவுக்கும், தலைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு மாதம் ஒரு ஞாயிறு, சங்க அறையில் ஆலோசகரை உட்கார வைக்கலாம் என்று இருக்கிறேன். பின்பக்க வழியாகவும் வரலாம். அவருக்குப் போக்குவரத்துச் செலவாவது கொடுக்க வேண்டும், அது பாக்கிச் சந்தா வந்தால்தான் முடியும். செயலாளர் பதவிக்கு வேறு யாராவது வருவதானால் சாவியை இன்றே தருகிறேன், இந்த ஞாயிற்றுக்கிழமை ஏற்பாட்டை மட்டும் அவர் நிறுத்தாமல் இருந்தால் சரி.